வேகம் சரி, திரும்பி வந்ததா?

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ இறங்கி, நடுராத்திரியில் கேட் தேடி அலைந்து, அடுத்த விமானம் ஏறி, மீனம்பாக்கத்தில் கால் வைக்கும்போது முதுகு நம்முடையதாக இருக்காது. அதனாலோ என்னவோ, இங்கே நம்மவர்கள் நாலு பேர் பிராய், அதாவது கறி சுடும் அடுப்பைச் சுற்றி நின்றால் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். திரையில் ஊசி மூக்கோடு ஒரு விமானப் படம். "ரெண்டு மணி நேரத்துல ஊருக்குப் போயிடலாமாம். நீங்க இன்ஜினியர்தானே, எப்ப வரும்னு சொல்லுங்க."

நான் விமான இன்ஜினியர் இல்லை. வெல்டிங் இன்ஸ்பெக்டர். பாய்லர் செய்கிற ஊரான திருவெறும்பூரில் பிறந்து வளர்ந்து, இப்போது தென்னாப்பிரிக்காவின் எமலாஹ்லேனியில் இருக்கிறேன். பழைய ஆட்கள் இன்னும் விட்பேங்க் என்றுதான் சொல்கிறார்கள். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கம், அனல் மின் நிலையம். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட் டவுன் நேரத்தில் பாய்லருக்குள் ஏறி, ட்யூப் வெல்டுகளை எக்ஸ்ரேயும் அல்ட்ராசோனிக்கும் வைத்துப் பார்த்து, தேறும், தேறாது என்று கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு.

அப்புறம் எதற்கு இந்தப் பதிவு என்றால், நான் தினமும் மல்லுக்கட்டும் அதே சங்கதிதான் அந்த ஊசி மூக்கு விமானங்களையும் அறுபது வருடத்துக்கு மேலாக ஆட்டிப்படைக்கிறது. உலோகம் சூடானால் நீளும். எல்லா உலோகமும் ஒரே அளவு நீளாது. ஒரே உலோகமே ஆனாலும் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்தால் நெளியும், கிழியும். எங்கள் பாய்லரில் நீராவி 540 டிகிரி செல்சியஸ் வரை போகும். அங்கே குரோமியம் கலந்த ஸ்டீல் ட்யூபை ஸ்டெயின்லெஸ் ட்யூபோடு சேர்க்கும் இடங்கள் உண்டு. இரண்டும் நீளும் அளவு வேறு. அதனால் நடுவில் நிக்கல் கலந்த ஃபில்லர் போட்டு வெல்டு செய்வார்கள். அப்படியும் வருடங்கள் ஓடினால் ஸ்டீல் பக்கத்து ஓரத்தில் மெல்லிய கிராக் ஓடும். அந்தக் கிராக்கைத் தேடுவதிலேயே என் கண் பாதி போய்விட்டது.

எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் விமானத்தைப் பற்றி முதன்முதலாக உருப்படியாகப் படித்தபோது எனக்கு அது ராக்கெட் கதையாகவே தெரியவில்லை. எங்கள் ஷட் டவுன் ரிப்போர்ட் மாதிரி இருந்தது.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். விமானத்தில் ராக்கெட்டைக் கட்டும் ஆசை பழையது. ஜெர்மனியில் 1928-லேயே கிளைடரில் வெடிமருந்து ராக்கெட் கட்டிப் பறந்து பார்த்துவிட்டார்கள். போர்க்காலத்தில் மெஸ்ஸர்ஷ்மிட் 163 என்ற குட்டி ராக்கெட் விமானம் வந்தது. அதன் எரிபொருள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அப்புறம் கிளைடர்தான். கிளம்பியதும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சறுக்குக் கட்டையில் இறங்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் சாக்ஸன்வோல்ட் போர் அருங்காட்சியகத்தில் அதன் ஜெட் உறவுக்காரன் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஒன்று நிற்கிறது, இரவுச் சண்டைக்கென்று செய்த இரட்டை இருக்கை வகை. பிள்ளைகளோடு போனால் அதைப் பாருங்கள். 163 அங்கே இல்லை.

1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் பெல் எக்ஸ்-1-ல் ஒலி வேகத்தைத் தாண்டினார். 1953-ல் ஸ்காட் கிராஸ்ஃபீல்ட் மாக் 2-ஐ, அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தைத் தொட்டார். 1956 செப்டம்பரில் மெல் ஆப்ட் எக்ஸ்-2-ல் மாக் 3-ஐத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். அடுத்த சில நிமிடங்களில் விமானம் கட்டுப்பாடு இழந்து புரண்டு, அவர் உயிரோடு தரைக்கு வரவில்லை. ஒவ்வொரு எண்ணும் ஒரு புது ராக்கெட் விமானம். எல்லாமே பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து வானத்தில் கழற்றிவிடப்பட்டவை. தரையிலிருந்து கிளம்பினால் இருக்கிற எரிபொருள் மேலே ஏறுவதற்கே தீர்ந்துவிடும்.

சரி, சூட்டுக்கு வருவோம்.

வேகமாகப் போனால் காற்று உரசிச் சூடாகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதி உண்மை. மூக்கு நுனியின் பெரிய சூடு உரசலில் வருவதில்லை. ஒதுங்கிப்போக நேரம் கிடைக்காத காற்று விமானத்தின் முன்னால் நசுங்குகிறதே, அதில் வருகிறது. அந்தச் சூடு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு ஏறும். மேலே வெளிக்காற்று மைனஸ் 55 டிகிரி. மாக் 2-ல் பறந்த கான்கார்டின் மூக்கு சுமார் 127 டிகிரி வரை போனது. அலுமினியமே தாங்கிக்கொண்டது. மாக் 5-ல், அதாவது ஹைப்பர்சோனிக் என்று சொல்ல ஆரம்பிக்கும் இடத்தில், முட்டி நின்ற காற்று ஆயிரம் டிகிரியைத் தொடுகிறது. மாக் 6.7-ல் கணக்குப்படி 1,800-ஐத் தாண்டும். அலுமினியம் 660-லேயே உருகிவிடும்.

ஆனால் காற்று அவ்வளவு சூடு என்றால் தகடும் உடனே அவ்வளவு சூடு என்று அர்த்தமில்லை. தகடு சூடேற நேரம் வேண்டும். எக்ஸ்-15-ஐ வடிவமைத்தவர்கள் பிடித்துக்கொண்ட கயிறு அதுதான். இன்கோனல்-எக்ஸ் என்ற நிக்கல் கலவையில் கொஞ்சம் கனமான தோலைப் போட்டார்கள். அது 650 டிகிரி வாக்கில்கூட வலுவை விடாது. குளிரூட்டும் குழாய் எதுவும் தோலில் இல்லை. தோல் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அது நிறைவதற்குள் விமானம் வேகம் குறைந்து கீழே வந்துவிட வேண்டும். தோசைக்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுப்போமே, அந்தக் கணக்கு. கழற்றிவிட்டதிலிருந்து தரை தொடும்வரை பத்து நிமிடத்துக்குச் சற்று கூடக்குறைய. அந்தக் குறுகிய நேரம்தான் அதன் பாதுகாப்பு.

இந்த இன்கோனல்-எக்ஸை வெல்டு செய்வதற்கே, விமானத்தைக் கட்டிய நார்த் அமெரிக்கன் கம்பெனி தனியாக முறைகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த விமானத்தின் கட்டமைப்பில் பாதிக்கு மேல் வெல்டிங். ரிவெட் அடித்து விமானம் கட்டிப் பழகியவர்கள் திடீரென்று பாய்லர்க்காரர்களாக மாறியது மாதிரி. எங்கள் துறைக்காரன் இதைப் படித்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான், நானும் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மூன்று விமானங்கள் செய்தார்கள். பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கிக்கொண்டு 45,000 அடிக்குப் போய், அங்கே கழன்று, இன்ஜினைப் பற்றவைக்க வேண்டும். கிளம்பும்போது எடை சுமார் 15 டன், அதில் பாதிக்கு மேல் அமோனியாவும் திரவ ஆக்சிஜனும். எக்ஸ்எல்ஆர்-99 என்ற இன்ஜின் 57,000 பவுண்டு உந்துவிசை கொடுக்கும். அதாவது ஏறக்குறைய 26 டன். எரிபொருள் தீரத்தீர எடை குறைந்து, விமானி இருக்கையோடு இன்னும் இன்னும் அழுத்தப்படுவார். வழக்கமாக ஒன்றரை நிமிடத்துக்குள் இன்ஜின் ஓய்ந்துவிடும். மீதி நேரம் கிளைடர். கடைசியில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், முன்னால் சக்கரம், பின்னால் இரும்புச் சறுக்குக் கட்டை, வறண்ட ஏரிப்படுகையில் தரையிறக்கம்.

அந்த இன்ஜின் தரையிலேயே ஒரு ஆட்டம் காட்டியது. 1960 ஜூன் 8 அன்று சோதனை மேடையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தார்கள், உள்ளே கிராஸ்ஃபீல்ட். அமோனியா டாங்கியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சரியாக வேலை செய்யவில்லை, ரிலீஃப் வால்வும் கைகொடுக்கவில்லை. வெடித்துவிட்டது. முன்பாதி விமானம் விமானியோடு முன்னால் பாய்ந்து நின்றது. அவர் பிழைத்தார். பாய்லரில் வேலை பார்ப்பவர்கள் இந்தப் பத்தியை ஒருமுறைக்கு இருமுறை படிப்பார்கள். ராக்கெட்டோ பாய்லரோ, சேஃப்டி வால்வைச் சோதிக்காமல் அழுத்தம் ஏற்றக்கூடாது.

பறக்க ஆரம்பித்தபின் வந்த கோளாறுகள்தான் எனக்குப் பிடித்த பகுதி.

இறக்கையின் முன்விளிம்பு சூட்டில் நீளும் என்று தெரிந்து, அதில் ஆங்காங்கே இடைவெளி விட்டிருந்தார்கள். தண்டவாளத்தில் விடுவது போலத்தான். நல்ல யோசனை. ஆனால் மாக் 5 பக்கம் போனபோது அந்த இடைவெளிக்குப் பின்னால் காற்று குழம்பி, அங்கே மட்டும் சூடு அதிகமாகி, தோல் நிரந்தரமாக நெளிந்துவிட்டது. நீளுவதற்கு விட்ட இடமே நெளிவதற்குக் காரணம். அப்புறம் அந்த இடைவெளிகளின் மேல் மெல்லிய இன்கோனல் பட்டையை ஒரு பக்கம் மட்டும் பிடித்துவைத்து மூடினார்கள். சரியாயிற்று. இதைத் தரையில் எந்த உலையில் வைத்துச் சோதித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. காற்று ஓடினால்தான் அது தெரியும்.

1961 நவம்பர் 9 அன்று ராபர்ட் ஒயிட் முதன்முதலாக மாக் 6-ஐத் தாண்டினார். வேகம் குறைந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது முன்கண்ணாடியின் வெளிப்பலகை பொடிப்பொடியாக விரிசல் விட்டது. பார்த்தால், கண்ணாடியைப் பிடித்திருந்த இன்கோனல் சட்டம் சூட்டில் நெளிந்து, அந்த நெளிவு கண்ணாடியில் ஒரு இடத்தை மட்டும் சுட்டுவிட்டது. சட்டத்தை டைட்டேனியத்துக்கு மாற்றினார்கள். டைட்டேனியம் குறைவாகத்தான் நீளும். கண்ணாடியையும் வேறு ரகத்துக்கு மாற்றினார்கள்.

மூக்குச் சக்கரக் கதவின் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி. அதன் வழியே உள்ளே புகுந்த சூடான காற்று, அசிட்டிலின் டார்ச் வைத்தது போல, உள்ளே இருந்த அலுமினியக் குழாயைச் சுட்டுவிட்டது. வெல்டிங் கடையில் நின்றிருப்பவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து 1964 ஆகஸ்ட் 14. ஓட்டியவர் ராபர்ட் ரஷ்வர்த், எக்ஸ்-15-ஐ அதிகமுறை ஓட்டியவர். மாக் 4-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது மூக்குச் சக்கரம் தானாக வெளியே வந்துவிட்டது. யாரும் பட்டனைத் தொடவில்லை. விமானத்தின் உடல் சூட்டில் நீண்டது. சக்கரத்தை விடுவிக்கும் கேபிள் அதே அளவு நீளவில்லை. அதற்கென்று விட்டிருந்த தொய்வு போதவில்லை. உடல் நீண்டு கேபிளை இழுத்தது, கேபிள் கொக்கியை இழுத்தது, சக்கரம் வெளியே. டயர் கருகிப்போய், இறங்கும்போது துண்டுதுண்டாகப் பிய்ந்தது. ரஷ்வர்த் பத்திரமாக இறங்கிவிட்டார். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்த நிக்கல் கலவையில் ஒரு மீட்டர் துண்டு 500 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். விமானத்தின் நீளம் 15 மீட்டருக்கு மேல். எல்லா இடமும் ஒரே சூட்டில் இருக்காது, ஏனென்றால் உள்ளே மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன் டாங்கி வேறு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கேபிளின் தொய்வைத் தப்பாகக் கணக்கிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அதோடு முடியவில்லை. அடுத்த சில மாதங்களில் அதே ரஷ்வர்த்துக்கு, அதே விமானத்தில், ஒருமுறை மூக்குச் சக்கரத்தின் சின்னக் கதவும், இன்னொருமுறை பின்பக்கச் சறுக்குக் கட்டை ஒன்றும் வானத்திலேயே திறந்துகொண்டன. மனிதர் எப்படிப் பொறுத்தாரோ.

வேக சாதனையை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். 1967 அக்டோபர் 3, பீட் நைட், மாக் 6.7, மணிக்கு 7,274 கிலோமீட்டர். இறக்கை வைத்த, ஆள் ஓட்டிய ராக்கெட் விமானத்தில் அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. விண்வெளியிலிருந்து இறங்கும் ஷட்டில் வேறு கணக்கு. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் வெளியே கூடுதல் டாங்கி கட்டிக்கொண்டு போயும் அந்த இன்ஜின் ஓடியது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு.

அந்தப் பறப்பில் நடந்த இன்னொன்று எனக்கு வேகத்தைவிட முக்கியம். அந்த வேகத்துக்கு இன்கோனல் தோல் மட்டும் போதாது என்று, எரிந்து உதிரும் ஒரு பூச்சை விமானம் முழுக்கப் பூசியிருந்தார்கள். பூச்சின் நிறம் இளஞ்சிவப்பு. அதன்மேல் வெள்ளைப் பூச்சு. பூச்சு எரிந்து கண்ணாடியில் படியும் என்பதால் ஒரு பக்கக் கண்ணாடிக்கு இமை மாதிரி மூடி போட்டு, இறங்கும் முன் திறந்தார்கள். வயிற்றுக்குக் கீழே ஒரு பொம்மை இன்ஜின். பின்னால் வரப்போகும், காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கும் ஸ்கிராம்ஜெட் இன்ஜினின் உருவத்தில் செய்த வெறும் கூடு. அதன் முன்னால் நசுங்கிய காற்றின் அதிர்வலையும் அதைத் தாங்கிய தூணின் அதிர்வலையும் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில் சூடு பல மடங்கு ஏறி, உலோகத்தில் ஓட்டை விழுந்தது. பொம்மை இன்ஜின் வானத்திலேயே கழன்று விழுந்துவிட்டது. விமானம் கருகித் திரும்பியது. மறுபடி அது பறக்கவே இல்லை. உண்மையான ஸ்கிராம்ஜெட்டும் எக்ஸ்-15-ல் ஏறவே இல்லை.

அடுத்த மாதம், நவம்பர் 15, மைக்கேல் ஆடம்ஸ் மூன்றாவது விமானத்தோடு போய்விட்டார். 80 கிலோமீட்டர் உயரத்தில் விமானம் பக்கவாட்டில் திரும்பி, மாக் 5-ல் சுழல ஆரம்பித்தது. சுழலிலிருந்து அவர் மீண்டார். ஆனால் தானியங்கிக் கட்டுப்பாடு அலைபாய்வதை நிறுத்தவில்லை, விமானம் காற்றிலேயே உடைந்தது. அடுத்த வருடம் 1968 அக்டோபரில் திட்டத்தின் கடைசிப் பறப்பு. மொத்தம் 199.

அந்த 199-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்றே விமானங்கள். முதல் விமானம் மட்டும் 81 தடவை போய்விட்டு வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அதன் தோலைத் தடவிப் பார்த்து, நெளிவை அளந்து, இதை மாற்று, அது இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். ஓட்டிய பன்னிரண்டு பேரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஹைப்பர்சோனிக் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு, இறங்கி வந்த அந்தத் தகடுகளிலிருந்து தெரிந்தது. கடலில் விழுந்த தகடு எதையும் சொல்லாது.

இதை டர்பனில் ஒரு மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர், ரிடையர்டு ஃபிட்டர். காவடிக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் வரும், ஆனால் விடமாட்டார். எக்ஸ்-15-ன் உயர சாதனையை, 1963-ல் ஜோ வாக்கர் தொட்ட 107.96 கிலோமீட்டரை, 2004-ல் ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற தனியார் ராக்கெட் விமானம் முறியடித்தது என்றேன். "அதை ஓட்டுனவன் நம்ம டர்பன் பையன், தெரியுமா தம்பி?" என்றார்.

தெரியும். மைக் மெல்வில். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து டர்பனில் வளர்ந்து, பிறகு அமெரிக்கா போனவர். 2004 ஜூன் 21 அன்று மொஹாவே பாலைவனத்துக்கு மேலே 100 கிலோமீட்டர் கோட்டைத் தாண்டினார். தனியார் விமானத்தில் விண்வெளியைத் தொட்ட முதல் ஆள். செப்டம்பரில் மறுபடி போனார், விமானம் பம்பரமாக உருண்டும் விடாமல் மேலே கொண்டுபோனார். 107.96-ஐத் தாண்டியது மட்டும் அக்டோபர் 4 அன்று பிரையன் பின்னி.

மாமா கொஞ்ச நேரம் கழித்து, "அவனும் நானும் ஒரே ஊருதான். ஆனா அந்தக் காலத்துல ஒரே பெஞ்சுல உட்கார முடியாது. ப்ளேன் ஓட்டுறதெல்லாம் அப்புறம்" என்றார், நிறவெறிச் சட்டக் காலத்தை. சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமி பன்னி சௌவை, அதாவது குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறிக்குழம்பை, நகர்த்தி வைத்தார். நான் பேச்சை மாற்றவில்லை, அவரே இன்ஜினைப் பற்றிக் கேட்டார்.

ஸ்பேஸ்ஷிப்ஒன் இன்ஜின் எக்ஸ்-15 மாதிரி இல்லை. ஒரு டாங்கியில் நைட்ரஸ் ஆக்சைடு, எரியறையில் ரப்பர். ரப்பரே எரிபொருள். வேகம் மாக் 3-ஐ ஒட்டித்தான், அதனால் சூட்டுத் தொல்லை குறைவு. இறங்கும்போது இறக்கையின் பின்பாதியை மேலே மடக்கி, இறகுப்பந்து போல மெதுவாக விழும். உயரம் போவது வேறு, வேகமாகப் போவது வேறு என்பதை இந்த ஒரு விமானத்தை வைத்தே புரியவைக்கலாம்.

இதே குடும்பத்து இன்ஜினை மாமா வீட்டிலிருந்து பக்கி (பிக்கப் வண்டி) எடுத்தால் எட்டிவிடும் தூரத்திலேயே செய்கிறார்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக மாணவர்கள் ஃபீனிக்ஸ் என்ற ராக்கெட் வரிசையைக் கட்டுகிறார்கள். அதில் ரப்பருக்குப் பதில் பாரஃபின் மெழுகு. கேப் பக்கம் ஓவர்பெர்க் சோதனைத் தளத்தில் 2014-ல் ஏவிய முதல் ராக்கெட் எதிர்பார்த்த உயரம் போகவில்லை, 2019-லும் தடுமாற்றம். 2021 மார்ச் 8 அன்று ஒன்று 17.9 கிலோமீட்டர் உயரம் போனது. எக்ஸ்-15-ஐக் கழற்றிவிடும் உயரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனாலும் ஆப்பிரிக்காவில் இந்த வகை ராக்கெட்டுக்கு அப்போது அது சாதனை.

வட கேப்பில் ஹாக்ஸ்கீன்பான் வறண்ட ஏரியைக் காட்டி, இதுவும் உங்கள் எக்ஸ்-15 இறங்கிய இடம் போலத்தானே என்று வேலையிடத்தில் ஒருவர் கேட்டார். ஆமாம், அதே மாதிரித் தரைதான். அங்கே, தரை வேக சாதனைக்கென்று செய்த பிளட்ஹவுண்ட் காருக்காக மியர் சமூகத்தைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்டவர்கள் கையாலேயே கல் பொறுக்கித் தடம் அமைத்தார்கள். 2019-ல் அந்தக் கார் ஜெட் இன்ஜினிலேயே மணிக்கு 1,010 கிலோமீட்டர் போனது. ராக்கெட்டைப் பொருத்தவே இல்லை. கல் பொறுக்கியவர்களுக்காகவாவது அதைப் பொருத்தி ஓட்டியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

சரி, ஸ்கிராம்ஜெட். ராக்கெட் தன் ஆக்சிஜனையும் தானே சுமக்கிறது. அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டால் நீண்ட நேரம் ஓடலாம். ஆனால் மாக் 5-க்கு மேல் உள்ளே வரும் காற்றை ஒலி வேகத்துக்குக் கீழே குறைத்தால் அது சூடாகி இன்ஜினையே தின்றுவிடும். எனவே குறைக்காமல், ஒலியைவிட வேகமாக ஓடும் காற்றிலேயே எரிபொருளைக் கலந்து எரிக்க வேண்டும். இன்ஜினுக்குள் காற்று இருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான்.

2004 நவம்பர் 16 அன்று நாசாவின் எக்ஸ்-43ஏ மாக் 9.6-ஐத் தொட்டது. அதைத் தூக்கிச் சென்றது எக்ஸ்-15-களைத் தூக்கிய அதே கிழட்டு பி-52. ஆளில்லை, ஹைட்ரஜன் எரிபொருள், இன்ஜின் ஓடியது சுமார் பத்து விநாடி. பிறகு பசிபிக் கடலில் போய்விட்டது, யாரும் எடுக்கவில்லை. 2013-ல் எக்ஸ்-51 மாக் 5-ல் 210 விநாடி ஓடியது, அதுவும் கடலுக்குத்தான். இஸ்ரோ 2016 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஐந்து விநாடி ஸ்கிராம்ஜெட்டை எரித்துக் காட்டியது. 2020 செப்டம்பரில் ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ தன் சோதனை வாகனத்தைப் பறக்கவிட்டது. எல்லாமே கெட்டிக்கார வேலை. எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றின் தோலையும் யாரும் கையில் வைத்துப் பார்க்க முடியாது.

அதனால் இஸ்ரோ செய்ததில் எனக்கு அதிகம் பிடித்தது வேறொன்று. 2016 மே மாதம் இறக்கை வைத்த அவர்களது சோதனை வண்டி மாக் 5-ஐத் தொட்டு வங்கக்கடலில் விழுந்தது. அதன்பின் அவர்கள் வேகத்தைக் கூட்டவில்லை. சித்திரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து கழற்றிவிட்டு, தானாக ஓடுபாதையில் இறங்கப் பழக்கினார்கள். 2023-ல் ஒன்று, 2024-ல் இரண்டு. கடைசி இரண்டிலும் இறக்கையோடு கூடிய உடல் ஒன்றேதான். தரை தொடும் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர், எக்ஸ்-15 இறங்கிய அதே வேகம். செய்தித்தாளில் மூலையில் வந்தது. யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

இங்கிலாந்தில் ரியாக்‌ஷன் இன்ஜின்ஸ் என்று ஒரு கம்பெனி, ஓடுபாதையிலிருந்தே கிளம்பி ஹைப்பர்சோனிக் போகும் இன்ஜினுக்காகப் பல வருடம் உழைத்தது. பிராய் அடுப்பில் நீட்டப்பட்ட படங்களில் பாதி அவர்களுடையதுதான். 2024 அக்டோபர் கடைசியில் பணம் தீர்ந்து திவால் நடவடிக்கைக்குப் போனது. பயணிகள் விமானம் எப்போது என்று என்னிடம் கேட்டால், என் சர்வீஸில் இல்லை, என் பெண்ணின் சர்வீஸிலும் சந்தேகம்தான் என்பேன். பத்து நிமிடம் சூட்டைக் குடிக்கும் தோல் இருக்கிறது. ஒரு மணி நேரம் மாக் 6-ல் நின்று, இறங்கி, பெட்டி இறக்கி, பெட்டி ஏற்றி, மறுபடி கிளம்பும் தோல் இல்லை.

இந்த இடத்தில்தான் ஸ்ட்ராட்டோலாஞ்ச் என்ற அமெரிக்கக் கம்பெனியின் டாலன்-ஏ வருகிறது. ஆளில்லாத, ராக்கெட்டில் ஓடும் இறக்கை விமானம். 117 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட ராக் என்ற இரட்டை உடல் விமானம் தூக்கிப்போய்ப் பசிபிக்குக்கு மேலே கழற்றிவிடுகிறது. மாக் 5-ஐத் தாண்டிப் போய்விட்டு, வாண்டன்பர்க் ஓடுபாதையில் தானாக இறங்குகிறது. 2024 டிசம்பரில் ஒன்று, 2025 மார்ச்சில் ஒன்று. இரண்டிலும் போனது ஒரே வண்டி. ஹைப்பர்சோனிக்காகப் போய், ஓடுபாதையில் இறங்கி, மறுபடி அதே மாதிரி போன ராக்கெட் விமானம் என்று பார்த்தால் எக்ஸ்-15-க்குப் பிறகு அமெரிக்காவில் இதுதான். எத்தனை மாக் என்பதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. அந்த மூன்று மாதத்தில் எந்தத் தகட்டைக் கழற்றினார்கள், எந்த இணைப்பில் கிராக் தேடினார்கள், எதை மாற்றாமலே விட்டார்கள் என்ற இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை யாராவது வெளியிட்டால் லீவு போட்டு உட்கார்ந்து படிப்பேன்.